வற்றும் தண்ணீரில் இரண்டு நிமிடம்: தெற்கே போன ஒரு பாய்மரப் படகின் நிகழ்வு ஆய்வு

நவம்பர் நடுவில் ஒரு நாள், மதியம் 12:35. அமெரிக்கக் கிழக்குக் கரையில், ஜார்ஜியா மாநிலத்தின் லிட்டில் மட் ஆறு, அல்டமஹா சவுண்ட் என்கிற அகன்ற கழிமுகத்தில் போய்ச் சேரும் இடம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டிருந்த 30 அடிப் பாய்மரப் படகு சேற்றுத் திட்டில் ஏறி நின்றுவிட்டது. படகில் இரண்டு பேர். யாருக்கும் அடியில்லை, படகுக்குள் தண்ணீர் வரவில்லை. திரும்ப மிதந்தது இரவு 8:10-க்கு. தட்டிய நேரத்தில் சுக்கான் பொறுப்பு என்னிடம் இருந்தது.

விபத்து என்று சொல்லும் அளவுக்கு இது பெரிய சங்கதி இல்லை. குளிர்காலத்துக்காக இந்தக் கரையோரம் தெற்கே போகிற படகுகளில் ஒரு முறையாவது தரை தட்டாதது குறைவு. ஆனாலும் இதை உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. நாங்கள் பயந்த இடத்தில் படகு தட்டவில்லை. அந்த இடத்தைத் தாண்டி, அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகு தட்டியது. அன்றைக்குப் போட்ட ஆழக் கணக்கிலும் தப்பில்லை. அப்படியிருந்தும் எப்படித் தட்டியது என்று பின்னோக்கிப் போனால், கதை மூன்று வாரம் முன்பே தொடங்குகிறது.

படகும் பாதையும்

படகு பழையது. கண்ணாடியிழை உடம்பு, ஒற்றைப் பாய்மரம், இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அடியில் துருத்தும் கீலையும் சேர்த்து, மிதக்க 5 அடி தண்ணீர் கேட்கும். சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடம் வாங்கினார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். செசபீக் விரிகுடாவில் அவருக்குப் பல வருடப் பழக்கம். நான் இரண்டு கோடை அவரோடு சுற்றியவன். எனக்கு வேலையில் நான்கு வாரம் விடுப்பு. ஃபுளோரிடா எல்லை வரை கூடப் போய், ஜாக்சன்வில்லிலிருந்து விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட மாநிலங்களில் குளிர் வந்ததும் தெற்கே நகரும் இந்தக் கூட்டத்துக்கு அங்கே 'பனிப்பறவைகள்' என்று பெயர். போக இரண்டு வழி. ஒன்று, வெளியே கடலில். ஆனால் வட கரோலைனாவின் ஹட்டராஸ் முனையில், கல்ஃப் ஸ்ட்ரீம் என்கிற வெதுவெதுப்பான பெருநீரோட்டம் கரைக்கு மிக அருகே வந்து வடகிழக்காகத் திரும்புகிறது. இந்தப் பருவத்தில் அடிக்கும் வாடைக்காற்று அதற்கு நேர் எதிர். ஓட்டமும் காற்றும் முட்டிக்கொண்டால் அலை செங்குத்தாக எழும்பும். அந்தக் கரைக்கு 'அட்லாண்டிக்கின் கல்லறை' என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

இன்னொரு வழி உள்வழி. ஆறு, காயல், வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்து, வர்ஜீனியாவின் நார்ஃபோக்கை 0 மைல் என்று வைத்து எண்ணிக்கொண்டே போகிற நீர்வழி. மயாமி வரை ஏறக்குறைய 1,090 மைல். இந்த எண்ணிக்கை கடல் மைலில் இல்லை, சாதாரணத் தரை மைலில். படகின் வேகத்தையோ நாட் கணக்கில் காட்டும். 5 நாட் என்றால் மணிக்கு சுமார் 5.75 தரை மைல். நவம்பரில் நல்ல வெளிச்சம் பத்தரை மணி நேரம். நங்கூரம் தூக்கவும் போடவும், திறக்கும் பாலத்துக்குக் காத்து நிற்கவும் ஆகிற நேரத்தைக் கழித்தால் ஒரு நாளைக்கு 45 மைல் போனாலே நல்ல நாள்.

சீக்கிரமே கிளம்பக் கூடாதா என்று கேட்கலாம். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் பிறக்கும்வரை குறிப்பிட்ட ஓர் அட்சரேகைக்குத் தெற்கே போகக் கூடாது என்று பல காப்பீட்டுப் பத்திரங்கள் நிபந்தனை போடுகின்றன. முன்னால் போனால் புயல், காப்பீடு கிடையாது. பின்னால் போனால் பகல் சுருங்கி, அதிகாலையில் டெக்கில் உறைபனி. எல்லாரும் ஒரே இடுக்கில் ஒரே நேரத்தில் புறப்படுவது இதனால்தான். நாங்கள் அக்டோபர் கடைசி வாரம் நார்ஃபோக்கைத் தாண்டினோம்.

அல்பமார்லில் நின்ற எஞ்சின்

முதல் இரண்டு நாள் டிஸ்மல் சதுப்புக் கால்வாய். 1805-இல் திறந்தது, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் தோண்டியது. தண்ணீர் கட்டங்காப்பி நிறம். இலையும் மரப்பட்டையும் ஊறி ஊறி அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் கோடு கிழித்தது போல நேர்வழி. கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது. அதைத் தாண்டி எலிசபெத் சிட்டி, அப்புறம் அல்பமார்ல் சவுண்ட்.

அல்பமார்ல் பார்க்கக் கடல் மாதிரி இருக்கும், ஆழத்தில் பெரிய குளம். ஆழம் குறைந்த நீரில் காற்றடித்தால் அலைக்கு நீளம் இருக்காது, உயரம் மட்டும் இருக்கும். படகின் மூக்கு ஓர் அலையிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது முகத்தில் அறையும். நடுவில் போகும்போது எஞ்சின் இருமியது, சுற்று குறைந்தது, நின்றது. முன்பாயை விரித்து அலிகேட்டர் ஆற்று வாய்க்குள் போய் நங்கூரம் போட்டோம்.

பாடப்புத்தகக் காரணம் உடனே கையில் கிடைத்தது. வருடக்கணக்கில் டேங்கின் அடியில் படிந்த கசடு குலுங்கிக் கலங்கி ஃபில்டரை அடைத்திருக்கும். ஃபில்டரை மாற்றினோம். திருகைத் தளர்த்தி, பம்ப்பின் சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் அடித்து அடித்து, டீசலில் நுரை நிற்கும்வரை ஏர் எடுத்தோம். எஞ்சின் கிளம்பியது. கழற்றிய ஃபில்டரைத் தண்ணீர் பாட்டிலை வெட்டிய கிண்ணத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: “தம்பி, இது அவ்வளவு கறுப்பா இல்லையே.” நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சின் ஓடுகிறது, அது போதும் என்று இருந்தது.

அடுத்த பத்து நாள் நன்றாகவே போனது. பங்கோ கால்வாய், நியூஸ் ஆறு, போஃபோர்ட், பீரங்கிப் பயிற்சிக்காக வழியை மூடித் திறக்கும் கேம்ப் லஜூன், கரையோரம் பாறை துருத்தி நிற்கும் மிர்ட்டில் பீச் வெட்டு. வக்கமா ஆற்றில் இன்னொரு முறை எஞ்சின் நின்றது. இன்னொரு ஃபில்டர், இன்னொரு முறை ஏர். அதுவும் சரியானது. வாங்கி வைத்த நான்கில் இரண்டு காலி.

அந்தப் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்தது. வட கரோலைனாவின் அந்தப் பெரிய உள்காயல்களில் நிலவு இழுத்துக் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தடுப்பரண் தீவுகளின் சில ஓட்டைகள் வழியே மட்டும் கடல் உள்ளே வர முடிகிறது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நீர் உயரும், அவ்வளவுதான். ஓத அட்டவணையைத் திறக்காமலே நாட்கள் போயின. தெற்கே போகப் போக ஓதம் வளர்கிறது. ஜார்ஜியாவில் கரை உள்வாங்கி வளைந்து புனல் மாதிரி நிற்பதால், மேலும் கீழும் சராசரியாக 7 அடி. நிலவு முழுதாக இருக்கும் நாட்களில் 8, 9. காலையில் தலைக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் மாலையில் பறவை நடக்கும். இப்படிப்பட்ட ஊருக்குள், ஓதம் இல்லாத ஊரின் பழக்கத்தோடு வந்து சேர்ந்தோம்.

அன்று காலை

முந்தைய இரவு சப்பெலோ தீவுக்குப் பக்கத்தில் டூப்ளின் ஆற்றில் நங்கூரம். முழுநிலவு கழிந்து இரண்டு நாள். உயர் ஓதம் காலை 10:20, அடுத்த தாழ் ஓதம் மாலை 4:35. லிட்டில் மட் ஆறு ஜார்ஜியா உள்வழியில் பெயர் போன இடம். அரசு விதித்த ஆழம் 12 அடி. ஆனால் தூர்வாரும் பணம் சரக்குப் போக்குவரத்தைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகிறது. சரக்கு அதிகம் போகாத ஜார்ஜியா உள்வழிக்கு அதில் பங்கு சொற்பம். தெற்கே இருக்கும் ஜெக்கில் ஓடையை 2019-இல் தூர்வாரினார்கள். லிட்டில் மட்டில் தாழ்நீரில் 4 அடிதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு எல்லாரும் சொல்லும் வழி ஒன்றுதான்: தண்ணீர் ஏறும்போது, பாதி ஏறியதும் போ. தட்டினாலும் பத்து நிமிடத்தில் ஓதமே தூக்கிவிடும். எங்கள் திட்டமும் அதுதான். விடிந்ததும் 7 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குள் தாண்டிவிடலாம்.

7 மணிக்கு நங்கூரம் தூக்கி ஐந்து நிமிடத்தில் எஞ்சின் நின்றது. மறுபடி நங்கூரம். மூன்றாவது ஃபில்டரில் வளையம் சரியாக உட்காரவில்லை, காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம். நான்காவதைப் போட்டு, ஏர் எடுத்து, எஞ்சின் நிதானமாக ஓடத் தொடங்கியபோது 10:30. அண்ணனின் கை முழங்கை வரை டீசல். கையைத் துணியில் துடைத்தபடியே ஆற்றைப் பார்த்தார்.

“தம்பி, தண்ணி இறங்க ஆரம்பிச்சிருச்சு. நாளைக்குக் காலையில போயிக்கலாம்.”

“அண்ணே, இப்பதானே முழுசா இருக்கு. நாம அங்க போறப்ப அட்டவணையில ஆறடி இருக்கும். அடியில இருக்கிற நாலையும் சேத்தா பத்தடி. நமக்கு அஞ்சடி போதும்ல?”

கணக்கு சரி. அவரும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாமல் தலையை ஆட்டினார். நான் சொல்லாமல் விட்டது, மறுநாளுக்கு மறுநாள் காலை எனக்கு விமானம் என்பதை. அவருக்கும் அது தெரியும். அவர் சம்மதித்தது என் கணக்குக்கு இல்லை, என் டிக்கெட்டுக்கு என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

10:50-க்குக் கிளம்பினோம்.

இரண்டு நிமிடம்

லிட்டில் மட்டில் இரண்டு பேரும் வெளியே நின்றோம். அவர் சுக்கானில், நான் ஆழமானியைச் சத்தமாகப் படித்தபடி. பதினொன்று, பத்தரை, பத்து, ஒன்பதே முக்கால். அதற்குக் கீழே போகவே இல்லை. ஆற்றின் தென்முனை தெரிந்ததும் அண்ணன் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு, கீழே சிதறிக் கிடந்த ஸ்பேனர்களை எடுத்து வைக்கப் போனார்.

எதிரே அல்டமஹா சவுண்ட் விரிந்தது. அடுத்த அடையாளப் பலகை தெரிந்தது. படகின் மூக்கை அதற்கு நேராக வைத்துத் தானியங்கிச் சுக்கானை மாட்டினேன். பதிவேட்டில் நேரத்தை எழுதக் குனிந்தேன். பென்சில் கூர் போயிருந்தது, வேறொன்று தேடினேன். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கலாம்.

தானியங்கிச் சுக்கான் காப்பாற்றுவது திசைகாட்டியின் எண்ணை. படகு தரைக்கு மேல் எந்தக் கோட்டில் போகிறது என்பது அதற்குத் தெரியாது. அல்டமஹாவில் வற்றும் நீர் எங்களுக்குக் குறுக்காகக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாட் என்றால் நிமிடத்துக்கு சுமார் 100 அடி. இரண்டு நாட் ஓட்டம், இரண்டு நிமிடம்: 400 அடி பக்கவாட்டில். திறந்த இடங்களில் இந்த நீர்வழியின் அகலமே 150 அடிதான். வடமேற்குக் காற்றும் தன் பங்குக்கு அதே பக்கம் தள்ளியது. மூக்கு பலகையைப் பார்த்தபடியேதான் இருந்தது. படகு முழுதாக நண்டு மாதிரி பக்கத்தில் நடந்தது. ஒரு தடவை திரும்பி, தாண்டி வந்த பலகை எங்கே நிற்கிறது என்று பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

சத்தம் இல்லை. நின்றுகொண்டே தூங்குபவர் தோளில் யாரோ கை வைத்து நிறுத்தியது போல, மெதுவாக, ஆனால் முழுதாக நின்றது. கீழே ஸ்பேனர்கள் மறுபடி சிதறின.

அடுத்து நான் செய்தது இரண்டாவது தப்பு. எஞ்சினைப் பின்னோக்கி முழு வேகத்தில் கொடுத்தேன். பின்னால் தண்ணீர் சாம்பல் நிறக் கூழாகக் கொதித்தது, படகு அசையவில்லை. குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் குழாய் வழியே அந்தக் கூழ் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும். அண்ணன் மேலே வந்து கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார். எதுவும் கேட்கவில்லை.

அட்டவணைப்படி அப்போது நீர்மட்டம் 5.7 அடி. ஆனால் குளிர்க்காற்று கடந்து வடமேற்கு பிடித்துவிட்டால், காற்று கழிமுகத்து நீரைக் கடலுக்கு வெளியே தள்ளும். கைபேசியில் ஃபோர்ட் புலாஸ்கி நீர்மட்டக் கருவியைப் பார்த்தோம்: அட்டவணையைவிட அரை அடிக்கு மேல் குறைவாகக் காட்டியது. வட கரோலைனாவில் காற்றை மட்டும் பார்த்துப் பழகினோம். ஜார்ஜியா வந்ததும் அட்டவணையை மட்டும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஓதம் சீராக இறங்குவதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மும்மூன்று. மூன்றாவது மணியில் எட்டடி ஓதம் இரண்டு அடி இறங்கும். பத்து நிமிடத்துக்கு நான்கு அங்குலம். நாங்கள் தட்டியது சரியாக அந்த மணியில். என்ன செய்யலாம் என்று பேசி முடிப்பதற்குள் படகின் பக்கவாட்டில் ஈரக்கோடு ஒரு கை அகலம் தெரிந்தது.

ஏழரை மணி நேரம்

வி.ஹெச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் சொன்னோம். கடலோரக் காவல்படையின் கேள்விகள் சுருக்கமானவை: எத்தனை பேர், உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கிறீர்களா, தண்ணீர் உள்ளே வருகிறதா. உயிராபத்து இல்லையென்றால் இழுப்பது அவர்கள் வேலை இல்லை. தனியார் இழுவைப் படகுக்குச் செய்தி போகும். இழுவைக்காரர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அப்போது இழுக்கத் தண்ணீரே இருக்காது, ராத்திரி ஓதத்தில் மிதக்காவிட்டால் கூப்பிடுங்கள் என்று நேர்மையாகவே சொன்னார்.

மிதக்கும் நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயர் ஓதத்துக்கு இரண்டேகால் மணி கழித்துத் தட்டினால், அடுத்த உயர் ஓதத்துக்கு இரண்டேகால் மணி முன்பு மிதக்கும். அடுத்தது 10:45. அப்படியானால் இரவு 8:30. இதில் அதிர்ஷ்டமும் இருந்தது. முழுநிலவு ஓதத்தின் உச்சியிலேயே தட்டியிருந்தால் அடுத்தடுத்த ஓதங்கள் அந்த உயரத்தை எட்டாமல், இரண்டு வாரம் அங்கேயே கிடந்திருப்போம்.

இந்த இடத்தில் அண்ணன் செய்தவற்றை விவரமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் படகைக் காப்பாற்றியது அந்த முதல் இருபது நிமிடம். கீல் உள்ள படகு தண்ணீர் வற்றியதும் ஏதாவது ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம். ஆழப் பக்கம் சாய்ந்தால், நீர் திரும்ப வரும்போது டெக் பள்ளத்தில் இருக்கும். படகு எழுவதற்குள், சுக்கான் பிடித்து உட்காரும் திறந்த பள்ளமான காக்பிட் நிரம்பிவிடும். திட்டின் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். எங்களுக்கு மேடு இடது பக்கம். பாய்க்கட்டையை இடப்பக்கம் முழுதாக வெளியே தள்ளிக் கட்டினோம். குடிநீர்க் கேன்களையும் கருவிப்பெட்டியையும் இடது டெக்கில் அடுக்கினோம். நாங்களும் அங்கேயே உட்கார்ந்தோம். காற்று வலப்பக்கமிருந்து அடித்ததால் அதுவும் கைகொடுத்தது.

பிறகு சின்னப் படகில் இரண்டாவது நங்கூரத்தை ஏற்றி, வழியை மறிக்காமல் ஆழப் பக்கம் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். ஓடத்தைத் துடுப்புப் போட அப்போதே தண்ணீர் முழங்கால் அளவுதான். உடம்பின் துளைகளை எல்லாம் அடைத்தோம். டீசல் டேங்கின் காற்றுக்குழாய் இடப்பக்கம். சாய்ந்தால் டீசல் வழியும், அதற்கு ஒரு மரக்கட்டை. காக்பிட் பெட்டி மூடிகளின் விளிம்பெல்லாம் அகல டேப் ஒட்டினோம். படகு தரையில் உட்காரும் இடத்தில் இரண்டு ரப்பர் மிதவையும் ஒரு மெத்தையும் செருகினோம். மெத்தை இன்றுவரை அந்த நாற்றம் போகவில்லை.

மூன்றரை மணிக்கெல்லாம் படகு முழுதாகப் படுத்துவிட்டது. உள்ளே நடக்க முடியாது, சுவர்தான் தரை. அடுப்பு பற்றவைக்க முடியாது, ஹீட்டரும் அப்படியே. போர்வையைச் சுற்றிக்கொண்டு பிஸ்கட் தின்றோம். தாழ் ஓதத்தில் சுற்றிலும் ஈயம் உருக்கி ஊற்றியது போல மின்னும் சேறு, அதற்கப்பால் பழுப்பு நாணல். சேற்றின் ஓட்டைகளில் இருந்து சிடுசிடு என்று ஓயாத சின்னச் சத்தம். ஒரு உள்ளான் எங்கள் கீல் கிழித்த பள்ளம் நெடுக நடந்து பூச்சி பொறுக்கியது. பள்ளம் சுமார் முப்பது அடி நீளம். அதன் கோணத்தைப் பார்த்தாலே படகு எவ்வளவு பக்கவாட்டில் வந்து ஏறியது என்று தெரிந்தது. ஆய்வுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. படம் எடுத்து வைத்தேன்.

அப்படிக் கிடந்தபடியே விமான டிக்கெட்டை மூன்று நாள் தள்ளி மாற்றினேன். ஆறு நிமிடம் ஆனது.

5:25-க்குச் சூரியன் போனது, காற்றும் கூடவே அடங்கியது. இருட்டில் தண்ணீர் வருவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் கேட்கும். ஆறரைக்கு இடது டெக்கின் விளிம்பை நக்கத் தொடங்கியது. படகு அசையவில்லை. விளிம்பைத் தாண்டியது. காக்பிட்டின் ஓரச்சுவருக்கு நான்கு விரல்கடை கீழே வந்தபோது நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். பார்க்காமல் இருப்பதே மேல் என்று தோன்றியது. அண்ணன் அதை வாங்கித் திரும்பப் போட்டார். ஏழு மணிக்கு, கிழக்கே நிலவு எழுந்த கையோடு, எங்கோ அடியிலிருந்து ஒரு உறிஞ்சல் சத்தம். சேறு விட்டது. அதற்கப்புறம் படகு நிமிர்ந்த வேகத்தில் உள்ளே எல்லாம் இடம் மாறி விழுந்தது. இரண்டாவது நங்கூரக் கயிற்றை வின்ச் என்கிற கயிறு இழுக்கும் உருளையில் சுற்றி இழுத்துக்கொண்டே இருந்தோம். 8:10-க்குப் பின்னால் நழுவினோம். கணக்குக்கு இருபது நிமிடம் முன்பே. காற்று அடங்கியதால், தள்ளி வைத்திருந்த அரை அடி நீர் திரும்பி வந்திருந்தது.

இருட்டில் மேலே போகவில்லை. வழிக்குச் சற்று வெளியே, பன்னிரண்டடி ஆழத்தில் நங்கூரம் போட்டு உச்சி விளக்கை ஏற்றினோம்.

எங்கே தவறியது

தட்டியதற்கு நேரடிக் காரணம் சுக்கானில் இருந்தவன் தலை குனிந்தது. அதோடு நிறுத்தினால் ஆய்வு எளிது, பயனும் கிடையாது. தலை யாருக்கும் குனியும். காலை 9 மணிக்கு, ஏறும் தண்ணீரில் குனிந்திருந்தால்? ஓட்டம் உள்நோக்கி இருந்திருக்கும், எங்காவது தட்டியும் இருப்போம். பத்து நிமிடத்தில் மிதந்து, இதை ஒருவரிடமும் சொல்லாமல் விட்டிருப்போம். பத்து நிமிடச் சங்கதியை ஏழரை மணி நேரமாக்கியது 10:30-க்கு எடுத்த முடிவு. அந்த முடிவில் நான் கேட்ட கேள்வி 'எவ்வளவு தண்ணீர் இருக்கும்' என்பது. அண்ணன் சொன்னதோ தண்ணீர் இறங்குகிறது என்று. ஒரே ஆற்றைப் பற்றித்தான் பேசினோம், ஆனால் அவர் பேசியது வழி தவறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. என்னிடம் எண் இருந்ததால் என் பேச்சு வென்றது.

டூப்ளின் ஆற்றிலேயே காத்திருந்து மறுநாள் விடிந்து கிளம்பியிருந்தால்? மறுநாள் விடியலில் நாங்கள் இருந்த இடம் அங்கிருந்து எட்டு, ஒன்பது மைல் தெற்கே. அவசரப்பட்டதில் வந்த லாபம் அவ்வளவே.

இன்னொரு வாய்ப்பையும் நாங்கள் சரியாக எடைபோடவில்லை. ஜார்ஜியாவின் கரை நேர்க்கோட்டில் சுமார் 100 மைல். உள்வழியோ வளைந்து நெளிந்து 140. தென் கரோலைனாவின் போர்ட் ராயல் முகத்துவாரத்தில் வெளியே போய், ஃபுளோரிடா எல்லையில் செயின்ட் மேரிஸ் முகத்துவாரத்தில் உள்ளே வந்தால் ஒரு பகல், ஒரு இரவு. இரண்டும் ஆழமான, நன்றாக அடையாளமிட்ட வாய்கள். கரையிலிருந்து அடிக்கும் வடமேற்குக் காற்றில் கடலும் அதிகம் எழும்பாது, எஞ்சினும் அதிகம் வேண்டாம். நாங்கள் உள்வழியைத் தேர்ந்தெடுத்தது 'எஞ்சினை நம்ப முடியாது, அதனால் கரைக்குள்ளேயே இருப்போம்' என்ற எண்ணத்தில். யோசித்தால் தலைகீழ். பாய் விரிக்க இடமில்லாத ஒடுக்கமான ஆறுகளில்தான் எஞ்சின் உயிர்நாடி. இரவு முழுக்க விழித்திருக்க இரண்டு பேர் போதுமா, அந்தக் குளிர் தாங்குமா என்பது தனிக் கேள்வி. எனக்கு இன்னும் உறுதியில்லை, அண்ணன் தாங்கும் என்கிறார்.

மறுநாள் ஏறும் தண்ணீரில் கிளம்பினோம், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வடிகட்டியில் இருந்து இரண்டு கைப்பிடி சேற்றை வழித்துப் போட்ட பிறகு. அடுத்த நாள் ஃபுளோரிடா எல்லையில் இருக்கும் ஃபெர்னாண்டினா. அங்கே கட்டி நிறுத்தி, மூன்று வாரம் முன்பு அலிகேட்டர் ஆற்றிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம்: டேங்கின் மேல்மூடியைத் திறந்து டீசலைக் கேன்களில் இறைத்தோம். அடியில் கசடு இருந்தது, ஆனால் பயந்த அளவு இல்லை. கடைசி ஒரு லிட்டரில், தபால்தலை அளவில் தோல் மாதிரி ஒன்று மிதந்தது. யாரோ எப்போதோ மூடியை ஒட்டிய சீலன்ட் உரிந்து விழுந்த துண்டு. எஞ்சின் ஓடும்போது உறிஞ்சுகுழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டு டீசலை அடைக்கும். எஞ்சின் நின்றதும் பிடி விட்டு விழுந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஃபில்டர் மாற்றி முடிப்பதற்குள் அது தானாகவே விழுந்திருக்கிறது. கழற்றிய நான்கையும் அண்ணன் எறியாமல் வைத்திருந்தார். வரிசையாக எடுத்து டெக்கில் வைத்தார். ஒன்றுகூட அவ்வளவு கறுப்பாக இல்லை.